பிரியகாரிணி தூங்கிப்போனாள்

திருவண்ணாமலை,
12-7-78

ஜெய் ஜினேந்திரா.

அன்புள்ள அக்காவுக்கு மருதேவி எழுதுவது. நானும் அவரும் சுகம். பம்பாய் மழையில் நீயும் மாமாவும் பிள்ளைகள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? வயிற்றில் இருப்பவரின் சுகத்தைத் தனியாக எழுதவும்.

நீ பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "இந்தப் புள்ள உனக்குத்தான் மருதேவி. பொறந்ததும் தூக்கினு வந்து உன் மடியில போட்டுடறேன்" என்று சொன்னாயே, அதையே நினைத்துக்கொண்டு வீடு வரை நடந்தேன். எதிரே சைக்கிளில் வந்த அவரிடம் நடுத்தெருவிலேயே சொன்னேன். அவர் குனிந்து செயின் கழன்றுவிட்டதா என்று பார்ப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டிராயிங் மாஸ்டர் அழுதா வண்ணமெல்லாம் கரைஞ்சிடும்" என்றேன். நான் மட்டும் அழாமலா இருந்தேன்?

இன்னொரு சேதி. நம் ஊர்க் கோயிலில் அடுத்த மகாவீர் ஜெயந்திக்குப் பதினாறு கனவு காட்டப்போகிறார்கள். மகாவீரர் கருவில் வந்தபோது அவர் தாய் பிரியகாரிணி கண்ட கனவுகள். பலகையில் படம் எழுதும் வேலை அவருக்கு. பிரியகாரிணியாகக் கட்டிலில் படுக்க நான், கனவுக்குப் பலன் சொல்லும் சித்தார்த்த மகாராஜாவாகவும் அவரே. "புள்ள இல்லாதவளையா படுக்க வெப்பாங்க?" என்று யாரோ முணுமுணுத்தார்களாம். கோயில் பெரியவர் ஜினராஜ் நயினார் விடவில்லை. "கனவு கண்ட அன்னிக்குப் பிரியகாரிணிக்கு மட்டும் புள்ள இருந்துச்சா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

முதல் தீர்த்தங்கரரைப் பெற்றவளின் பெயரை எனக்கு வைத்தாரே அப்பா, அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஜெயந்தியன்று கோயில் தொட்டிலை ஆட்டும்போது என் மடியிலும் ஒன்று இருக்கும் இல்லையா அக்கா?

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு நமஸ்காரம்.

உன் தங்கை,
மருதேவி


பம்பாய், செம்பூர்,
6-8-78

ஜெய் ஜினேந்திரா.

அன்புள்ள மருதேவிக்கு ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். நம் டிராயிங் மாஸ்டர், தம்பி சீவகனுக்கு இருமல் நின்றதா?

நான் சொன்னது சொன்னதுதான். ஹாரன் சத்தத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று நினைக்காதே. உன் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல், "உன் இஷ்டம்" என்றார். இருப்பது ஒரே அறை. படுத்தால் ஒருத்தர் கால் இன்னொருத்தர் தலையில் இடிக்கிறது. இதில் நாலாவதை எங்கே போடுவது? உன் பிள்ளை உன் வீட்டில் காலை நீட்டிப் படுக்கட்டும்.

உன் பிள்ளை இப்போதே ரொம்பத் துள்ளுகிறான். முனையில் உருளைக்கிழங்கு வடை போடுகிறவன் எண்ணெய் வைத்ததும் உள்ளே எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். கிழங்கு தின்னாத சமண வயிற்றில் இப்படி ஒன்று! மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறேன். வளர்ந்ததும் நீயே கண்டித்துக்கொள்.

மூத்தவள் சந்திரகலாவுக்கு விஷயம் தெரியாது. இப்போதைக்குத் தெரியவும் வேண்டாம்.

நீ சட்டை கிட்டை தைத்து வைக்காதே. பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேரத்துக்குச் சாப்பிடு, பட்டினி கிடக்காதே.

அன்புடன்,
பத்மினி


திருவண்ணாமலை,
2-11-78

ஜெய் ஜினேந்திரா.

அன்பு அக்காவுக்கு, நாங்கள் நலம். உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்று அவர் தினம் கேட்கிறார், நான்தான் டாக்டர் போல.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். விடியும் முன்னே குளித்துக் கோயிலில் கூடினோம். மகாவீரர் மோட்சம் அடைந்த கதையை ஜினராஜ் நயினார் வாசித்து முடிக்கவும் கிழக்கு வெளுக்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் விளக்கு வைத்தோம். பக்கத்து ஊரில் நரகாசுரனுக்கு வெடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா காசியம்மாளையும் கூட்டிப்போயிருந்தேன். "சாமி போன நாளுக்கா இவ்ளோ சந்தோஷமா வெளக்கு வெக்கறீங்க? இன்னா ஜனங்கம்மா நீங்க!" என்றாள். "போவலீங்க, எல்லாத்தையும் விட்டு விடுதலை ஆயிட்டாரு. அதுக்குத்தான் வெளக்கு" என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் தானும் ஒன்றை ஏற்றி வைத்தாள்.

இங்கே வீடு முழுக்கக் கனவுகள். சமையலறையில் வெள்ளை யானை, அலமாரிமேல் சிங்கம், தாழ்வாரத்தில் இரண்டு மீன், ஒரு தாமரைக் குளம். கடலை இன்னும் காயவில்லை என்று வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார். காலையில் எழுந்தால் நான் எந்தப் பக்கம் விழித்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தேன். அந்தக் குளத்திலிருந்து ஒரு குழந்தை ஈரக்காலோடு ஏறி வந்து அரிசிப் பானையைத் தட்டியது. எழுந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன், அக்கா. சிரிக்காதே.

ஒன்று கேட்கிறேன், தருவாயா? நம் வழக்கப்படி குழந்தையின் காதில் முதன்முதல் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைத் தாய் சொல்ல வேண்டும் இல்லையா? அதை மட்டும் எனக்கு விட்டுவை. நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஜாஸ்தி வேலை செய்யாதே. படுத்துக்கொண்டே இரு.

மருதேவி


பம்பாய்,
9-12-78
(தபால் கார்டு)

சௌபாக்கியவதி மருதேவிக்கு தர்மசந்திரனின் ஆசீர்வாதம். அருகன் அருளால் நேற்று காலை உன் அக்காளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் சற்று பயமுறுத்திவிட்டான். இப்போது தாயும் சேயும் க்ஷேமம். குழந்தை மாநிறம். மூக்கு உங்கள் அப்பாவுடையது. மற்றவை பத்மினி எழுதுவாள். சீவகனுக்குச் சொல்லவும்.


திருவண்ணாமலை,
18-12-78

ஜெய் ஜினேந்திரா.

அக்கா! அக்கா! நீ நலமா? அவன் நலமா? மாமா "பயமுறுத்தினான்" என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டாரே, என்ன பயம்? தலைகால் புரியாமல் இருக்கிறேன்.

கார்டு வந்த அன்று காசியம்மாள் வீட்டுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தேன். அந்த வாரமே மலைமேல் கார்த்திகை தீபம். அவருக்குப் பதினாறாவது கனவுதான் பாக்கி, புகையில்லாத தீ. எப்படி எழுதினாலும் தீயின் தலையில் புகை வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். மலைத் தீபத்தைப் பார்த்தாவது எழுதலாம் என்று மாடியில் நின்றார். அதுவும் புகைந்தது. "பொகையில்லாத தீ கனவுலதான் எரியும் போல" என்று இறங்கி வந்துவிட்டார். நான் தீபத்தைப் பார்க்கவே இல்லை. மூக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா மூக்கு அவ்வளவு சின்ன முகத்தில் எப்படி இருக்கும்?

உன் சொல்லைக் கேளாமல் சட்டை தைத்துவிட்டேன். நாலு.

எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது. பத்தியமாகச் சாப்பிடு.

உன் மருதேவி


பம்பாய்,
11-2-79

ஜெய் ஜினேந்திரா.

அன்புள்ள மருதேவிக்கு. உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பொங்கல் கடிதத்துக்கும் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த வருஷம் இங்கே குளிர் கொஞ்சம் ஜாஸ்தி. தண்ணீர் காலையில் மட்டும் வருகிறது. சந்திரகலாவுக்கு மராத்தியில் மார்க் கம்மி. மாமாவுக்கு ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள். பக்கத்து அறைக்கு மங்களூர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள்.

குழந்தைக்கு ஜலதோஷம் வந்து போயிற்று. மற்றபடி நன்றாக இருக்கிறான். தூங்கும்போது என் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறான். கழற்றினால் எழுந்துவிடுகிறான். அதனால் நானும் அசையாமல் படுத்திருக்கிறேன். நேற்று முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தான். அறையில் வேறு யாரும் இல்லை. எதைப் பார்த்துச் சிரித்தான் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

ரயிலில் இப்போது கூட்டம் அதிகமாம். வெயில் வேறு வரப்போகிறது. யோசித்து எழுதுகிறேன்.

தம்பிக்கு என் விசாரிப்பு.

பத்மினி


திருவண்ணாமலை,
5-3-79

ஜெய் ஜினேந்திரா.

அன்பு அக்காவுக்கு, இங்கே இருவரும் நலம். அங்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். முதலில் எல்லாம் "உன் பிள்ளை, உன் பிள்ளை" என்று எழுதுவாய். இப்போது "குழந்தை" என்று எழுதியிருக்கிறாய். தபாலில் வரும் வழியில் எங்கேயோ ஒரு சொல் விழுந்துவிட்டது போலிருக்கிறது. கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில்தான் கேட்கிறேன்.

தீ ஒன்றைத் தவிர எல்லாப் படமும் முடிந்தது. கட்டிலுக்கு ஊர்ப் பெண்கள் பட்டுத் திரை தைத்திருக்கிறார்கள். கோயில் தொட்டிலுக்குப் புதுக் கயிறு மாற்றியாயிற்று. நம் வீட்டிலும் அவர் உத்திரத்தில் ஒரு கொக்கி அடித்தார். அடித்துவிட்டுப் பலகை பக்கம் போய்விட்டார். சமைக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன்.

வருகிறாயா அக்கா?

மருதேவி


பம்பாய்,
30-3-79

ஜெய் ஜினேந்திரா.

மருதேவிக்கு. எல்லோரும் சௌக்கியம்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிய வேண்டும். அதனால் ஜெயந்திக்கு வர முடியாது. ஏப்ரல் கடைசியில் நானும் அவனும் மட்டும் வருகிறோம். சொன்னபடி உன் மடியில் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். சொன்ன சொல்லை மாற்ற எனக்குத் தெரியாது.

ஒன்றை மறைத்துவிட்டேன். மாமா எழுதிய பயம் இதுதான். பிறந்தவன் அழவே இல்லை. உடம்பு நீலமாக இருந்தது. நர்ஸ் காலைப் பிடித்துத் தட்டுகிறாள், டாக்டர் ஓடி வருகிறார். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவனை வாங்கி வலது காதில் "நமோ அரிஹந்தாணம்" என்று ஆரம்பித்துவிட்டேன். முடிக்கும் முன்னே வீறிட்டான். நீ உனக்கென்று கேட்டுவைத்ததை நான் எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பத்மினி


திருவண்ணாமலை,
12-4-79

ஜெய் ஜினேந்திரா.

என் அக்காவுக்கு. நான் நலம். அவர் நலம். ஊரே நலம், ஊருக்கெல்லாம் சிரிக்க ஒரு கதையும் கிடைத்தது. உட்கார்ந்து படி.

விளக்கில் பூச்சி விழும் என்று நம் கோயிலில் ராத்திரி விழா கிடையாது இல்லையா, அதனால் ஜெயந்திக்கு முதல் நாள், வெயில் ஏறிய பிறகுதான் பிரியகாரிணிக்கு ராத்திரி வந்தது. மண்டபத்தைச் சுற்றித் திரை கட்டி இருட்டாக்கினார்கள். முந்தின நாள் முழுக்க உபவாசம், விடியற்காலையிலேயே எழுந்தது, பட்டுத் திரைக்குள் நல்ல பஞ்சு மெத்தை. வெளியே பெண்கள் மெதுவாகப் பாடிக்கொண்டே பலகைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப்போகிறார்கள். வெள்ளை யானை போயிற்று. எருது போயிற்று. சிங்கம் போயிற்று. லட்சுமி போனாளா, நினைவில்லை. கண்ணை மூடியதாக நடிக்க வேண்டியவள் நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

"ஐயய்யோ, நெசமாவே தூங்கிடுச்சும்மா!" என்று காசியம்மாள் முன்வரிசையிலிருந்து கத்தினதில்தான் விழித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எதிரே அட்டைக் கிரீடம் கோணலாகச் சரிந்து அவர் நிற்கிறார். "தேவி, என்ன கனவு கண்டாய்?" என்று கேட்கிறார். பதினாறையும் ஒப்பிக்க எவ்வளவு நாளாக மனப்பாடம் செய்தேன்! ஒன்றுகூட வரவில்லை. ஜினராஜ் நயினார் பின்னாலிருந்து, "யானையில ஆரம்பிம்மா" என்கிறார். எனக்கு யானை வரவில்லை அக்கா. இன்னும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கண்டதைச் சொல்லிவிட்டேன்.

"ஒரு ரயில் நிக்குது. ஜன்னலாண்ட எங்க அக்கா. மடியில கொழந்த. நான் வெளிய நின்னு வெரல நீட்டறேன். கொழந்த என் வெரலப் புடிச்சிக்குது. கெட்டியாப் புடிச்சிக்குது. ஆனா கண்ண மட்டும் அக்கா மொகத்தவுட்டு எடுக்கல. ரயில் கெளம்புது. இஞ்சின்ல பொகையே இல்ல."

நம் விஷயம் ஊரில் யாருக்குத் தெரியாது? மகாராஜா என்ன செய்வார்? "மூவுலகும் வணங்கும் மகன் பிறப்பான்" என்று எழுதிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தேவி, நல்ல கனவுதான்" என்றார். "கொழந்த எந்த மொகத்தப் பாக்குதோ அதான் அதுக்கு வூடு. நாம வெரலக் குடுத்தாப் போதும்."

காசியம்மாள் மூக்கைச் சிந்தினாள். ஜினராஜ் நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்டுப்போன பதினாறு கனவுக்கும் தாமே பலன் சொல்லி முடித்தார்.

மறுநாள் ஜெயந்தி. அபிஷேகம் ஆகி, குட்டி விக்கிரகத்தைத் தொட்டிலில் வைத்தார்கள். முதலில் ஆட்ட வேண்டியவள் பிரியகாரிணி. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். அழுதுவிட்டேன். நன்றாகவே அழுதேன். யாரும் தடுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கயிற்றில் கை வைத்தார்கள். கடைசியில் அத்தனை பேரும் சேர்ந்து ஆட்டினோம்.

அக்கா, அவனைக் கொடுக்காதே. உன் கடிதத்தில் நீ எழுதாததை எல்லாம் நான் படித்துவிட்டேன். அழாமல் கிடந்தவனை மந்திரம் சொல்லி அழவைத்தவள் நீ. அதை எனக்கென்று எடுத்துவைக்க முடியுமா? எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. நெஞ்சு வலிக்கிறது. ஆனால் பயம் போய்விட்டது. இத்தனை மாதமாக நான் பயந்தது அவன் வரமாட்டானோ என்று மட்டுமில்லை. வந்தபிறகு உன் முகத்தைத் தேடுவானோ என்றும்தான்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. வா. அவனையும் கொண்டு வா. இருவருமாகத் திரும்பிப் போங்கள். கொக்கியைப் பிடுங்கச் சொல்லவில்லை. வருகிறபோது தூளி கட்ட வேண்டுமே. சட்டை நாலும் அவனுக்குத்தான்.

அவர் நேற்று உட்கார்ந்து தீயை எழுதி முடித்துவிட்டார். இந்தத் தடவை புகை வரவில்லை.

மாமாவுக்கு நமஸ்காரம். சங்கிலியைக் கழற்றாதே.

உன் மருதேவி


பம்பாய்,
19-4-79

ஜெய் ஜினேந்திரா.

என் கண்ணே மருதேவி. இங்கே எல்லோரும் நலமாகிவிட்டோம். இதுவரை இல்லை.

உன் கடிதம் வந்தபோது பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அவன் துணிகளை மடிப்பேன், பிரிப்பேன், மறுபடி மடிப்பேன். இப்படியே இரண்டு நாளாக அந்தப் பெட்டி மூடாமல் கிடந்தது. உன் மாமா கடிதத்தை வாங்கிப் படித்தார். முகத்தைப் பேப்பருக்குள் மறைத்துக்கொண்டார். அந்தப் பேப்பர் தலைகீழாக இருந்தது. சந்திரகலாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தன் தம்பியைத் தூக்கிக்கொண்டு மங்களூர்க்காரர் அறைக்குப் போய் ஒளிந்துகொண்டிருந்தாள். போய்ச் சொல்லி அழைத்து வந்தேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ திட்டுவாய். அதனால் கேட்கவில்லை. மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அட்சய திருதியைக்கு முன்னால் வந்துவிடுவோம். முதல் தீர்த்தங்கரர் உபவாசம் முடித்த நாளாயிற்றே, கரும்புச் சாறு எடுத்து வை. அவனை ஊர்க் கோயிலுக்கு நீ தூக்கிக்கொண்டு போ. நான் பின்னால் வருகிறேன்.

அந்த மந்திரத்தை வலது காதில்தான் சொன்னேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா? இடது காதில் யாரையும் சொல்லவிடவில்லை. பாட்டுப் பாடினாலும் வலது பக்கம்தான் பாடுகிறேன். இடது காது உனக்காக அப்படியே இருக்கிறது.

அக்கா